மூக்கு வழியே மூளைக்கு: தன்னிச்சையாக வாழும் அமீபாக்களும் அரிய மூளைத் தொற்றுகளும்

குளத்திலும் கிணற்றிலும் மண்ணிலும் தம்பாட்டில் வாழும் சில அமீபாக்கள் மனித மூளைக்குள் புகுந்து உண்டாக்கும் நோய்களே இன்றைய சொற்பொழிவின் பொருள். மிக அரிய நோய்கள் இவை. மிகக் கொடிய நோய்களும் இவையே.

அரிய நோய் என்றால் அதைப் பற்றிப் பேசுவானேன்? கொடிய நோய் என்றால் பயந்துகொண்டே இருப்பதா? இரண்டு கேள்விக்கும் விடை ஒன்றுதான். இவற்றுள் மிகக் கொடியது வரும் வழி மிகவும் ஒடுங்கியது. வழி தெரிந்தவர் அதை எளிதில் அடைத்துவிடலாம். அடைக்கத் தவறினாலும், நோயாளி எந்த நீரில் குளித்தார் என்ற ஒரு செய்தி நேரத்தோடு வைத்தியரின் காதுக்கு எட்டினால் உயிர் மிஞ்ச வாய்ப்புண்டு.

அமீபா ஒற்றைக் கல உயிர். கண்ணுக்குத் தெரியாது; நுணுக்குக்காட்டியில் பார்த்தால் உருவம் மாறி மாறி ஊர்ந்து திரிவது தெரியும். இலங்கையில் அமீபா என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது வயிற்றுளைவு. அதை உண்டாக்குவது என்டமீபா ஹிஸ்டோலிற்றிக்கா. அது மனிதக் குடலை வீடாகக் கொண்ட ஒட்டுண்ணி. அசுத்தமான நீரோடும் உணவோடும் வாய் வழியே வருகிறது. சில வேளை ஈரலில் சீழ்க்கட்டியும் உண்டாக்குகிறது. இன்று பேசப்படும் அமீபாக்கள் அந்த இனத்தவை அல்ல. இவற்றுக்கு மனிதன் தேவையில்லை. சேற்றில் உள்ள பற்றீரியாக்களைத் தின்று, பெருகி, மனிதன் இல்லாத உலகிலும் இவை வாழும். மூளைக்குள் இவை வந்து சேர்வது ஒரு விபத்து. நோயாளிக்கு மட்டுமல்ல, அமீபாவுக்கும் அது விபத்தே. அங்கிருந்து இன்னொருவருக்குத் தொற்ற அதற்கு வழியில்லை. இருமலால் பரவாது, தொடுவதால் பரவாது, நோயாளியின் கட்டிலருகே இருப்பவருக்கும் வராது.

மண்ணிலும் நீரிலும் பல்லாயிரம் வகை அமீபாக்கள் உண்டு. மனித மூளையைத் தாக்குவனவாக அறியப்பட்டவையோ ஒரு கையின் விரல்களுக்குள் அடங்கும். முக்கியமானவை மூன்று: நெக்லேரியா பௌலெரி, அகந்தமீபா, பலமூத்தியா மன்ட்ரிலாரிஸ். நான்காவதாகச் சப்பினியா என்ற ஒன்று, 2001 இல் அமெரிக்காவின் டெக்சாஸில் ஒரே ஒரு நோயாளியில் பதிவாகியது, அவர் பிழைத்துக்கொண்டார்.

இவற்றை மருத்துவ உலகம் எப்போது அறிந்துகொண்டது? அந்த வரலாற்றில் கொழும்புக்கும் ஒரு தொடர்பு உண்டு. அல்டோ கஸ்தெல்லானி என்ற இத்தாலிய வைத்தியர் 1903 இல் இலங்கைக்கு வந்து, கொழும்பு பற்றீரியவியல் நிறுவகத்தின் பணிப்பாளராக 1915 வரை பணியாற்றினார். பொரளையில் இன்று இயங்கும் மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்துக்கு அதுவே முன்னோடி. இலங்கைக்கு வருமுன் உகண்டாவில் உறக்க நோயாளரின் முள்ளந்தண்டு நீரை நுணுக்குக்காட்டியில் பார்த்து, அதில் நெளிந்த ஒட்டுண்ணியைக் கண்டவர் அவர். கொழும்பில் 1905 இல் பறங்கிப் புண்ணின் கிருமியைக் கண்டவரும் அவரே. அவர் இலங்கையை விட்டுப் போய்ப் பல ஆண்டுகளின் பின், 1930 இல், அவரது மதுவ வளர்ப்பு ஒன்றுக்குள் ஓர் அமீபா தென்பட்டது. அகந்தமீபா கஸ்தெல்லானி என்று அது இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அது மனிதருக்குத் தீங்கு செய்யும் என்று அன்று எவரும் நினைக்கவில்லை.

சந்தேகம் எழுந்தது 1958 இல். அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் போலியோத் தடுப்பு மருந்துக்கான பாதுகாப்புச் சோதனைகள் நடந்துகொண்டிருந்தன. குரங்கின் சிறுநீரகக் கலங்களை வளர்த்த ஒரு கிண்ணத்தில் அமீபா புகுந்திருந்தது. கிளைட் கல்பேர்ற்சன் என்ற நோயியலாளர் அதை எலிகளுக்குச் செலுத்திப் பார்த்தார். மூளை அழற்சி கண்டு எலிகள் மடிந்தன. மனிதருக்கும் இப்படி ஒரு நோய் இருக்கக்கூடும் என்று அவர் சொன்னார்.

அது பொய்க்கவில்லை. 1965 இல் தென் அவுஸ்திரேலியாவில் மல்கம் பௌலரும் ஆர். எப். காட்டரும் நான்கு நோயாளரின் விபரத்தை வெளியிட்டார்கள். திடீர்க் காய்ச்சல், தலையிடி, சில நாள்களில் மரணம். சீழ் கொண்ட மூளைக்காய்ச்சல் போலவே எல்லாம் இருந்தது. ஆனால் பற்றீரியா எதுவும் இல்லை. மூளையில் இருந்தவை அமீபாக்கள். முதலில் அகந்தமீபா என்று எண்ணப்பட்ட அது வேறோர் இனம் என்று பின்னர் தெளிவாகி, 1970 இல் பௌலரின் பெயரால் நெக்லேரியா பௌலெரி ஆகியது. அதற்குப் பிறகுதான் ஆய்வாளர்கள் பழைய பெட்டிகளைத் திறந்து பார்த்தார்கள். அமெரிக்காவின் வேர்ஜீனியாவில் சேமித்து வைத்த மூளைத் துண்டுகளுக்குள் 1937 இல் இறந்த ஒருவருடையதிலும் இதே அமீபா காணப்பட்டது. நோய் புதிதல்ல, அதை அடையாளம் காணும் கண்தான் புதிது. இந்த உண்மையைச் சபையோர் மனதில் இருத்திக்கொள்ள வேண்டும், ஏனெனில் அண்மையில் கேரளத்தில் நடந்ததையும் இதைக் கொண்டே விளங்கிக்கொள்ள முடியும்.

மூன்றாவது அமீபா 1986 இல் கலிபோர்னியாவின் சான் டியேகோ விலங்கியல் பூங்காவில் இறந்த மன்ட்ரில் என்ற பெருங்குரங்கின் மூளையிலிருந்து எடுக்கப்பட்டது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தைச் சேர்ந்த கோவிந்த விஸ்வேஸ்வராவும் அவரது கூட்டாளிகளும் 1993 இல் அதை விவரித்து, வில்லியம் பலமூத் என்ற விஞ்ஞானியின் நினைவாகப் பலமூத்தியா என்று பெயரிட்டனர்.

இனி நெக்லேரியாவைத் தனியே எடுத்துக்கொள்வோம். அதற்கு மூன்று வடிவங்கள் உண்டு. இரை தின்று பெருகும் ஊர்வடிவம் ஒன்று. இரை குறைந்தால் இரண்டு சவுக்கிழைகளை முளைத்து நீந்திச் செல்லும் வடிவம் இன்னொன்று. குளிரும் வறட்சியும் வந்தால் சுற்றிலும் சுவர் எழுப்பி உறங்கும் சிறைப்பை மூன்றாவது. சூடு இதற்கு உகந்தது. 45 பாகை செல்சியஸ் வரையிலும் தாங்கிப் பெருகும். ஆகவே வெயிலில் கிடக்கும் ஆழமற்ற குளம், ஓட்டமற்ற நீர், வெந்நீரூற்று, குளோரீன் குறைந்த நீச்சல் தடாகம், கழுவப்படாத தண்ணீர்த் தாங்கி ஆகியவை இதற்கு ஏற்ற இடங்கள். கடல்நீர் இதற்கு ஒவ்வாது. வெள்ளவத்தைக் கடற்கரையில் கால் நனைப்பவருக்கு நெக்லேரியாப் பயம் வேண்டியதில்லை.

இந்த நீரைக் குடித்தால் என்ன ஆகும்? நெக்லேரியாவைப் பொறுத்தவரை ஒன்றும் ஆகாது. வயிற்றுக்குப் போன அமீபாவால் மூளையை எட்ட முடியாது. வாயன்று, மூக்கே அதன் வாசல். குளத்தில் குதிக்கும்போது, முங்கும்போது, அடிச்சேற்றைக் கலக்கி விளையாடும்போது நீர் மூக்கின் உச்சிவரை ஏறுகிறது. அங்கே மணத்தை உணரும் நரம்பின் நுனிகள் இருக்கின்றன. அந்த நரம்பிழைகள், மூக்குக்கும் மூளைக்கும் நடுவே அரிதட்டுப் போலத் துளைகள் நிறைந்த மெல்லிய எலும்பு ஒன்றின் ஊடாக மேலே செல்கின்றன. அமீபா அந்த இழைகளைப் பற்றிக்கொண்டு, அதே துளைகளின் வழியே ஏறி, மூளையின் மணக் குமிழை அடைகிறது. அங்கே அது கலங்களைக் கடித்துத் தின்கிறது. கலங்களைக் கரைக்கும் நொதியங்களையும் வெளிவிடுகிறது. அதை எதிர்க்கத் திரண்டு வரும் உடலின் வெண்குருதிக் கலங்களாலும் மூளை வீங்குகிறது. மண்டையோட்டுக்குள் வீங்குவதற்கு இடம் ஏது? பெரும்பாலும் அந்த அமுக்கமே உயிரைப் பறிக்கிறது.

நீர் மூக்கினுள் ஏறிய பிறகு அறிகுறி தோன்றச் சராசரியாக 5 நாள். ஒரு நாளிலும் தோன்றலாம், 12 நாளும் ஆகலாம். முதலில் கடுமையான தலையிடி, காய்ச்சல், குமட்டல், வாந்தி. அடுத்துக் கழுத்து விறைப்பு, வெளிச்சம் பொறுக்காமை, தடுமாற்றம், வலிப்பு. பிறகு நினைவிழப்பு. சிலருக்குத் தொடக்கத்தில் மணமும் சுவையும் மாறித் தெரியும். அறிகுறி தொடங்கியதிலிருந்து பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் முடிவு வந்துவிடுகிறது. அமெரிக்காவில் 1962 முதல் 2023 வரை அறியப்பட்ட நோயாளர் 164 பேர். அவர்களில் உயிர் தப்பியவர் 4 பேர் மட்டுமே. பாதிக்கப்படுவோரில் பெரும்பாலோர் சிறுவர்களும் இளைஞர்களும். அதிலும் ஆண்பிள்ளைகள் அதிகம். நீரில் குதித்து விளையாடுபவர் யார் என்று பார்த்தால் காரணம் விளங்கும்.

குளமும் ஏரியும் மட்டுமா இந்த நோயின் களம்? உலகின் சில ஊர்களை வரிசையாகப் பார்த்தால் விடை கிடைக்கும்.

செக்கோஸ்லோவாக்கியாவின் ஊஸ்தி நாட் லாபெம் நகரில் 1962 க்கும் 1965 க்கும் இடையில் 16 இளையோர் இறந்தனர். அவர்கள் நீந்தியது காட்டுக் குளத்தில் அல்ல. நகரத்து நீச்சல் தடாகத்தில். அதன் வெடித்த சுவருக்குப் பின்னால் தேங்கிய நீரில் அமீபா குடியிருந்தது.

இங்கிலாந்தின் பாத் நகரில் உரோமர் காலத்து வெந்நீர்க் குளியலிடம் உலகப் புகழ் பெற்றது. அங்கே 1978 இல் நீந்திய ஒரு சிறுமி இந்நோயால் இறந்தாள். குளியல் நிறுத்தப்பட்டது. பழைமையும் பெருமையும் அமீபாவைத் தடுக்கவில்லை.

தென் அவுஸ்திரேலியாவில் வறண்ட நகரங்களுக்குப் பல நூறு கிலோமீற்றர் தூரம் நிலத்தின் மேலே குழாய் வழியே நீர் போனது. வெயிலில் குழாய் சூடேறியது. குளோரீன் வழியிலேயே தீர்ந்தது. அமீபா வீட்டுக் குழாய்வரை வந்தது. வழிநெடுகக் குளோரீனைக் குறையாமல் காத்த பிறகுதான் நோய் அங்கே அடங்கியது.

கராச்சியில் 2008 முதல் நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்துள்ளனர். பலர் நீந்தியவரே அல்லர். தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவும் வுழூவின்போது மூக்கில் நீர் ஏற்றுவதும், நகரக் குழாய் நீரில் குளோரீன் போதாமையும் காரணங்களாகக் கண்டறியப்பட்டன.

அமெரிக்காவின் லூசியானாவில் 2011 இல் இருவர் இறந்தனர். சளித் தொல்லைக்காக, கெண்டி போன்ற பாத்திரத்தில் குழாய் நீரை எடுத்து மூக்கைக் கழுவியவர்கள் அவர்கள். யோகப் பயிற்சியில் ஜலநேதி என்று சொல்லப்படுவதும் இதுவே.

குளம், தடாகம், வெந்நீரூற்று, குழாய், கெண்டி. இடங்கள் ஐந்து, வாசல் ஒன்று. எந்த நீர் என்பதோடு, எங்கே போன நீர் என்பதே உயிரைத் தீர்மானிக்கிறது.

மற்ற இரண்டு அமீபாக்களின் போக்கு வேறு. நெக்லேரியா நாள்களில் கொல்கிறது. அகந்தமீபாவும் பலமூத்தியாவும் வாரங்களில், மாதங்களில் கொல்கின்றன. இவற்றுக்கு மூக்கு மட்டுமே வாசல் அல்ல. தோலில் உள்ள காயம் வழியாகவும், தூசியோடு சுவாசப்பை வழியாகவும் புகுந்து, குருதியோடு மூளைக்குச் செல்லக்கூடியவை. மூளையின் உள்ளே கட்டிகட்டியாக அழற்சி உண்டாகும். தலையிடி மெல்ல வரும், ஒரு பக்கக் கைகால் தளரும், நடத்தை மாறும், வலிப்பு வரும். காசநோய், மூளைக் கட்டி, பக்கவாதம் என்று வேறு நோய்களாக எண்ணப்பட்டுக் காலம் கடந்துவிடுவது வழக்கம்.

அகந்தமீபா எங்கும் உள்ளது: மண்ணில், தூசியில், குழாய் நீரில், குளிரூட்டியின் ஈரத்தில். அது மூளையைத் தாக்குவது பெரும்பாலும் நோய் எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களில். உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றவர், புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர், எச்.ஐ.வி. தொற்றுள்ளவர் ஆகியோர் அவர்களுள் அடங்குவர். நல்ல உடல்நலம் உள்ளவருக்கோ அதனால் வேறோர் ஆபத்து உண்டு. கண்வில்லை அணிபவர் அதைக் குழாய் நீரில் கழுவினாலோ, அணிந்தபடி குளித்தாலோ, நீந்தினாலோ, விழிவெண்படலத்தில் அகந்தமீபா தொற்றிக் கடும் வலியும் பார்வை இழப்பும் ஏற்படலாம். அதன் சிறைப்பை மிகவும் உறுதியானது. சாதாரண அளவு குளோரீனுக்கு அசையாது.

பலமூத்தியா மண்ணில் வாழ்வது. நல்ல சுகதேகியையும் தாக்கும். பெரு நாட்டில் பல நோயாளருக்கு மூளை நோய்க்கு முன் முகத்தின் நடுவே, மூக்கைச் சுற்றி, ஆறாத தடிப்பு ஒன்று தோன்றியது. அந்தத் தடிப்பைக் கண்டபோதே சிகிச்சை தொடங்கியவர்களில் சிலர் தப்பினர். அமெரிக்காவில் 2009 இலும் 2010 இலும், உண்மைக் காரணம் அறியப்படாமல் இறந்தவர்களின் உறுப்புகளைப் பெற்றவர்களுக்கு இந்த அமீபா கடத்தப்பட்டது. ஆளுக்கு ஆள் பரவாத நோய்க்கு இது ஒன்றே விதிவிலக்கு.

இனிக் கேரளத்துக்கு வருவோம். இந்தியாவில் இந்நோய் முதலில் பதிவானது 1971 இல், கல்கத்தாவில் இரண்டு குழந்தைகளில். கேரளத்தில் முதல் நோயாளி 2016 இல் ஆலப்புழையில் அறியப்பட்டார். அதன்பின் 2023 வரை விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே. 2024 இல் எண்ணிக்கை திடீரென 35 ஐத் தாண்டியது. 2025 செப்ரெம்பர் நடுப்பகுதிக்குள், அந்த ஆண்டில் மட்டும் 69 நோயாளர், 19 மரணங்கள் என்று கேரள சுகாதாரத் துறை அறிவித்தது.

எண்ணிக்கை ஏன் இப்படி ஏறியது? காரணம் ஒன்றல்ல. கேரளம் நீர் நிறைந்த நாடு. சுமார் 55 இலட்சம் கிணறுகளும் 55,000 குளங்களும் அங்கே உண்டு. அன்றாட வாழ்வே அந்த நீரில் நடக்கிறது. பூமி சூடேறுவதால் நீரும் சூடேறுகிறது. நீர்நிலைகளில் அழுக்குச் சேரச் சேர, அமீபாவுக்கு இரையான பற்றீரியாவும் பெருகுகிறது. இவை ஒரு பக்கம். மறுபக்கம், கேரளம் தேடத் தொடங்கியது. 2024 யூலையில் இந்நோய்க்கென்றே வழிகாட்டி நெறிகளை வெளியிட்டது. மூளைக்காய்ச்சலோடு வரும் நோயாளரின் முள்ளந்தண்டு நீரில் அமீபா உண்டா என்று பார்க்கும் வழக்கம் ஏற்பட்டது. முன்பு காரணம் தெரியாத மூளைக்காய்ச்சல் என்று எழுதி மூடப்பட்டவை இப்போது பெயரோடு பதிவாகின. வேர்ஜீனியாவின் 1937 நோயாளியைக் காட்டிய அதே கண், கேரளத்தில் உயிரோடு இருப்பவரைப் பார்க்கத் தொடங்கியது.

2024 இல் கோழிக்கோட்டுப் பக்கத்தில் பதின்ம வயதுச் சிறுவன் ஒருவன் பிழைத்தான். அவனுடைய தந்தை இந்நோயின் அறிகுறிகளைச் சமூக ஊடகத்தில் வாசித்திருந்தார். மகன் குளத்தில் குளித்ததை உடனே வைத்தியரிடம் சொன்னார். சோதனை தாமதிக்காமல் நடந்தது. மருந்தும் தாமதிக்காமல் தொடங்கியது. அதே ஆண்டில் திருவனந்தபுரம் மாவட்டத்தில் ஒரே குளத்தோடு தொடர்புடைய இளைஞர் சிலர் நோயுற்று, நேரத்தோடு கண்டறியப்பட்டுச் சிகிச்சையால் குணமாகினர்.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். கேரளத்தின் கணக்கில் நெக்லேரியா மட்டுமல்ல, அகந்தமீபா முதலிய பிறவும் அடங்கும். குளத்தில் இறங்காத முதியோரும், வீட்டுக் கிணற்று நீரில் குளிப்பாட்டப்பட்ட கைக்குழந்தையும் அந்தக் கணக்கில் உண்டு. ஆகவே நூற்றுக்கு 97 பேர் இறப்பர் என்ற உலக நெக்லேரியாக் கணக்கோடு கேரளத்தின் நான்கில் ஒரு பங்கு இறப்பை நேரே வைத்து ஒப்பிடக் கூடாது. ஆனாலும் ஒன்று உறுதி: தேடியவர் கண்டார், நேரத்தோடு கண்டவர் சிலரைக் காப்பாற்றினார். 2025 ஓகஸ்ற் முடிவில் கிணறுகளுக்கும் தாங்கிகளுக்கும் குளோரீன் இடும் பெருமுயற்சி ஒன்றும் 'ஜலமாணு ஜீவன்' என்ற பெயரில் மாநிலம் முழுதும் நடந்தது.

நோயை எப்படிக் கண்டறிவது? முதுகில் ஊசியிட்டு எடுக்கும் முள்ளந்தண்டு நீரே சாட்சி. பற்றீரிய மூளைக்காய்ச்சலில் உள்ளது போலவே அதிலும் வெண்குருதிக் கலம் மிகுந்திருக்கும், சீனி குறைந்திருக்கும், புரதம் கூடியிருக்கும். ஏமாற்றம் அங்கேதான் தொடங்குகிறது. சாயமிட்டுப் பார்த்தும் பற்றீரியா தென்படாவிட்டால், அந்த நீரில் ஒரு துளியைச் சூடு ஆறுமுன் கண்ணாடித் தகட்டில் இட்டு நுணுக்குக்காட்டியில் பார்க்க வேண்டும். உயிரோடு ஊரும் நெக்லேரியா அதில் தெரியும். நீரைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் அமீபா அசைவற்று, வெண்குருதிக் கலம் போலத் தோன்றித் தப்பிவிடும். எந்த இனம் என்று உறுதி செய்ய பீ.சி.ஆர். சோதனை உண்டு, ஆனால் முதல் சந்தேகத்துக்கு ஒரு நுணுக்குக்காட்டியும் பழகிய கண்ணும் போதும். உகண்டாவில் கஸ்தெல்லானி செய்ததும் அதுவே. அகந்தமீபாவையும் பலமூத்தியாவையும் முள்ளந்தண்டு நீரில் காண்பது கடினம். மூளையின் ஸ்கான் படமும், கட்டியிலிருந்து எடுக்கும் சிறு துண்டும் தேவைப்படும்.

மருந்து உண்டா? ஒரு மருந்து போதாது; பல மருந்துகளைச் சேர்த்தே கொடுக்கிறார்கள். பூஞ்சை நோய்க்கான அம்போரெரிசின் பி, காசநோய்க்கான றிபாம்பிசின், அசித்ரோமைசின், புளூகொனசோல் ஆகியவற்றோடு மில்ரெபோசின் என்ற மருந்தும் சேர்கிறது. இந்த மில்ரெபோசின் புற்றுநோய்க்காகத் தொடங்கப்பட்டு, மணல் ஈயால் பரவும் லீஷ்மேனியா நோய்க்குப் பயன்பட்டு, இப்போது அமீபாவுக்கு எதிராக வந்து நிற்கிறது. கேரளம் 2024 இல் அதை ஜேர்மனியிலிருந்து தருவித்தது. மூளை வீக்கத்தைக் குறைக்கும் சிகிச்சை மருந்துக்கு இணையான முக்கியத்துவம் உடையது. 2013 இல் அமெரிக்காவில் 12 வயதுச் சிறுமி ஒருத்தி, நோய் விரைவில் அறியப்பட்டு, மில்ரெபோசின் கொடுக்கப்பட்டு, உடல் வெப்பம் செயற்கையாகத் தாழ்த்தப்பட்டு முற்றாகக் குணமடைந்தாள். பலமூத்தியாவுக்கு எதிராக, கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2,000 க்கு மேற்பட்ட பழைய மருந்துகளைச் சலித்து, சிறுநீர்த் தொற்றுக்கு ஐரோப்பாவில் வழங்கும் நைற்றொக்சொலினைக் கண்டெடுத்தனர். 2021 இல் அதைப் பெற்ற ஒரு நோயாளி பிழைத்தார். புது மருந்து வரும்வரை காத்திராமல், பழைய மருந்துகளுக்குள் தேடியதால் கிடைத்த வெற்றி அது.

கொழும்பில் வாழ்பவர் செய்ய வேண்டியது என்ன? அடுக்குமாடியின் உச்சியில் உள்ள தண்ணீர்த் தாங்கி வெயிலில் சூடேறுகிறது. அதற்கு மூடி இருக்கட்டும்; காலத்துக்குக் காலம் சேறு நீக்கிக் கழுவப்படட்டும். நீர் வழங்கல் சபை அனுப்பும் நீரில் உள்ள குளோரீன், கவனிப்பாரற்ற தாங்கியில் நாள்கணக்கில் கிடந்தால் தீர்ந்துபோகும். நெக்லேரியாவை அடக்க, கடைசிக் குழாய்வரை லீற்றருக்கு 0.5 மில்லிகிராம் எஞ்சிய குளோரீன் இருப்பது நல்லது. பிள்ளைகளை நீச்சல் பழக அனுப்பும் பெற்றோர், தடாகத்தின் குளோரீன் அளவைத் தினமும் எழுதி வைக்கிறார்களா என்று தயங்காமல் கேட்க வேண்டும்.

ஜலநேதி செய்பவரும், சளிக்காக மூக்கைக் கழுவுபவரும் கொதித்து ஆறிய நீரையே எடுக்க வேண்டும். ஒரு நிமிடம் நன்றாகப் பொங்கிக் கொதித்தால் போதும். வுழூச் செய்பவர் நீரை மூக்கின் உச்சிக்கு இழுக்காமல் நுனியளவில் நிறுத்தலாம். ஐயமான நீராயின் கொதித்து ஆறிய நீரை மூக்குக்கென்று தனியே வைத்துக்கொள்ளலாம். கைக்குழந்தையை ஊர்க் கிணற்று நீரில் குளிப்பாட்டும்போது கொதித்து ஆறிய நீரே நல்லது. மூக்கினுள் நீர் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

விடுமுறைக்கு யாழ்ப்பாணமும் மட்டக்களப்பும் வன்னியும் போகும் பிள்ளைகள் குளத்தைக் கண்டால் சும்மா இருப்பார்களா? இருக்க மாட்டார்கள், இருக்கவும் வேண்டாம். வறட்சிக் காலத்தில் வற்றிச் சூடேறிய குளத்தில் குதிப்பதையும், முங்குவதையும், அடிச்சேற்றைக் கலக்குவதையும் தவிர்த்தால் போதும். தலை நீருக்கு மேலே இருக்கட்டும்; முங்கியே ஆக வேண்டுமானால் மூக்கைப் பொத்தட்டும், அல்லது மூக்குக் கிளிப் மாட்டட்டும். கன்னியா போன்ற வெந்நீரூற்றுகளிலும் அதே விதி. பாவனையில் இல்லாத கிணற்றை மீண்டும் எடுக்கும்போதும், வெள்ளம் வடிந்த பின்னும், பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் ஆலோசனையோடு இறைத்துக் குளோரீன் இட வேண்டும். சபரிமலைக்கு மாலை போடும் கொழும்பு அடியாருக்கும் ஒரு சொல்: ஆற்றில் நீராடும்போது மூக்கினுள் நீர் போகாமல் பார்த்துக்கொள்ளுமாறு கேரள சுகாதாரத் துறை 2025 இன் மண்டல விரத காலத்தை ஒட்டிப் பக்தர்களுக்கு அறிவித்தது. பம்பை ஆற்றில் நீராடலாம், மூக்கைப் பொத்திக்கொண்டு நீராடலாம்.

இவ்வளவும் கேட்டபின் நீரைக் கண்டு நடுங்க வேண்டுமா? வேண்டாம். உலகெங்கும் கோடிக்கணக்கானோர் நாள்தோறும் குளத்திலும் ஆற்றிலும் குளிக்கிறார்கள். நோயுறுபவர் மிக மிகச் சிலரே. அமீபாவைச் சந்தித்து, அதற்கெதிரான பிறபொருளெதிரிகளைக் குருதியில் தாங்கியபடி நலமாக இருப்பவர் ஏராளம். இலங்கையில் நீரில் மூழ்கி இறப்போரும் டெங்கால் இறப்போரும் இதைவிடப் பன்மடங்கு. நீச்சல் தெரியாமல் இருப்பது நெக்லேரியாவைவிடப் பெரிய ஆபத்து. ஆகவே பிள்ளை நீந்தப் பழகட்டும். நல்ல நீரில் பழகட்டும்.

குளத்தில், ஆற்றில், தடாகத்தில் குளித்து இரண்டு கிழமைக்குள் ஒருவருக்குக் கடும் தலையிடியும் காய்ச்சலும் வாந்தியும் வந்தால், கழுத்து விறைத்தால், வீட்டில் கசாயம் வைத்துப் பார்த்து நாளைக் கடத்தாமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். வைத்தியர் கேட்கும்வரை காத்திராமல் எங்கே குளித்தார், எப்போது குளித்தார், மூக்கினுள் நீர் போனதா என்ற மூன்றையும் தாமாகவே சொல்ல வேண்டும். கேட்கும் வைத்தியரும் அதைக் குறித்துக்கொண்டு, முள்ளந்தண்டு நீரை அமீபாவுக்காகவும் பார்க்கும்படி ஆய்வுகூடத்துக்கு எழுத வேண்டும்.